கன்னத்தின் உட்புறம்

எழுந்தான். பல் தேய்த்தான். பால் பொங்கும்வரை அடுப்பருகே நின்றான். ஆற்றிக் குடித்தான். சட்டையின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்துப் போட்டுக்கொண்டான்.

போன் அடித்தது. மாமியார். தினமும் இந்த நேரத்துக்கு அடிக்கும்.

"சாப்டீங்களா மாப்ளே?"

"சாப்டேன் அத்தை."

அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"கடைசியா அவ என்னதான் சொன்னா மாப்ளே?"

"ஒண்ணும் சொல்லலை அத்தை."

சொன்னாள். அதைப் பெற்றவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கூடையிலிருந்து இரண்டு வெங்காயங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறான். அவள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்து, ஆய்வகத்தில் வெங்காயத் தோல்தான். உரி. கண்ணாடியில் பரப்பு. சாயம் விடு. பார். வரை.

அடுத்த சோதனை கன்ன செல். அதை மட்டும் தள்ளிக்கொண்டே போனான்.

பையிலிருந்து வெங்காயம் வெளியே வந்ததும் வகுப்பு முனகியது.

"மறுபடியுமா சார்?"

"இதுவரைக்கும் உரிச்சதுக்கு ஸ்கூலுக்கே சாம்பார் வெச்சிருக்கலாம்டா" என்றது பின்வரிசை.

முன்வரிசையில் ரிஸ்வானா எழுந்தாள். வகுப்புத் தலைவி.

"திங்கக்கெழம பிராக்டிகல் எக்ஸாம் சார். கன்ன செல் வந்தா நாங்க என்ன செய்யுறது? பல்குச்சியெல்லாம் நாங்களே வாங்கிட்டு வந்துட்டோம்."

டப்பாவைக் கொண்டுவந்து அவன் மேசையில் வைத்தாள்.

ஆய்வகத்துக்கு வாசல் ஒன்றுதான். அதன் பக்கத்தில் நின்றிருந்ததும் அவன்தான். ஆனாலும் வெளியே போக முடியவில்லை.

வெங்காயங்களைப் பையில் திரும்பப் போட்டான்.

மாதிரி காட்டுவதற்காகப் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்லைடை எடுத்தான். ஓரங்களில் மெரூன் நிற நெயில் பாலிஷ். உள்ளே இருப்பது காய்ந்துவிடாமல் இருக்க அப்படித்தான் அடைப்பார்கள். காய்வதும் இல்லை. வெளியே வருவதும் இல்லை.

நெயில் பாலிஷ் அவளுடையது. செல்லும் அவளுடையது.

கல்யாணமான புதிது. பள்ளியில் ஒதுக்கிப் போட்ட நுண்ணோக்கி ஒன்றை வீட்டில் வைத்துச் சரிசெய்தான். சோதிக்க ஒரு கன்னம் வேண்டியிருந்தது. ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னான். சுரண்டினான். சுரண்டியதைக் கண்ணாடியில் தடவினான். சாயம் விட்டான். மேலே மெல்லிய கண்ணாடி வில்லையைச் சாய்த்து, குமிழி விழாமல் இறக்க வேண்டும். அதிலேயே மூழ்கிவிட்டான். அவளை மறந்துபோனான்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஊடிக்கட்டா, ஹார்?"

மூடிக்கட்டா சார் என்று கேட்கிறாள். உதடு சேராமல் 'மூ' எப்படி வரும்?

"ஊடலா? தாராளமா ஊடிக்கோ" என்றான்.

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

அன்றிலிருந்து அவர்களுக்குள் அதுதான் பேச்சு. சண்டை வந்தால், முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு முன்னால் வாயை ஆவென்று திறந்துவைத்து அனுமதி கேட்பாள். அவன் ஊடிக்கோ என்பான். அதற்குப் பிறகு எந்தச் சண்டையும் அரை மணி நேரம் தாங்காது.

நுண்ணோக்கியில் ஸ்லைடைப் பொருத்தினான். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள்.

"நீலமாத் தெரியுது சார். நடுவுல ஒரு புள்ளி."

"அதுதான் உட்கரு."

அவன் குனியவில்லை.

வாய் கொப்பளித்துவிட்டு வந்து வரிசையாக நின்றார்கள். கையில் ஆளுக்கொரு குச்சி.

"வாயைத் திறங்க" என்றான்.

திறந்தார்கள்.

வகுப்பு முழுக்க வாய்கள். பற்கள். நாக்குகள். ஜன்னல் வெளிச்சம் ஒவ்வொன்றுக்குள்ளும் விழுந்தது.

குச்சியின் தட்டையான முனையால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாகச் சுரண்டவும். அடுத்துச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வருஷா வருஷம் சொல்வது.

வரவில்லை.

வாய்கள் காத்திருந்தன.

மின்விசிறி சுற்றியது. யாரோ மூக்கால் சிரித்தார்கள். யாருக்கோ எச்சில் வழிந்தது. சார் சொல்லாமல் மூடக்கூடாது என்று எல்லோரும் நின்றார்கள். மூடலாம் என்று சொல்ல அவனாலும் முடியவில்லை.

ரிஸ்வானா, வாயைத் திறந்தபடியே, ஏதோ கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. என்னடி உளறுற என்றான் ஒருவன்.

அவனுக்கு மட்டும் ஒவ்வோர் எழுத்தும் புரிந்தது.

"மூடிக்கோம்மா" என்றான்.

வாய்கள் மூடின.

எவ்வளவு சின்ன வார்த்தை. அன்றைக்கு அதைச் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில், காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். மூச்சுக்குக் குழாய் போட்டாக வேண்டும் என்றார்கள். டாக்டர் அவளை வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நீங்க வெளிய இருங்க சார் என்று நர்ஸ் அவன் முழங்கையைத் தொட்டாள்.

வாசலில் திரும்பிப் பார்த்தான்.

டாக்டரின் தோளுக்கு மேலாக அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தபடி இருந்தது. கண்கள் இடுங்கின. சிரிப்பு வந்தால் அப்படித்தான் இடுங்கும்.

கதவு தானாக மூடிக்கொண்டிருந்தது.

"ஊடிக்கட்டா, ஹார்?"