சல்லடையில் போன வீடு

“ஏனுங்க அம்மணி, எங்க ஊட்டைக் காணமுங்க. நீங்கதான் அழிச்சுப்போட்டீங்களாமா?”

சுருட்டிய மேப்பை மேஜை மேல் விரித்தார் வெள்ளியங்கிரி. தொண்டாமுத்தூர்த் தென்னந்தோப்புக்காரர். கோபத்தில் மீசை துடித்தது. ஆனாலும் ‘ங்க’ மட்டும் குறையவில்லை. இந்தப் பக்கத்து மனிதர்களுக்குச் சண்டை போடவும் மரியாதை வேண்டும்.

லோகப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிங்காநல்லூரில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில், செயற்கைக்கோள் படத்தை வைத்து மேப் போடுவது அவள் வேலை. தோப்புக்குப் பச்சை, தண்ணீருக்கு நீலம், வீட்டுக்குச் சிவப்பு என்று கம்ப்யூட்டரே பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் அது ஓர் அவசரக் குடுக்கை. பாறை பளபளத்தாலும், தார்ப்பாய் காய்ந்தாலும், வீடு என்று ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடும்.

அதனால் கடைசியில் ‘சல்லடை’ என்ற கட்டளையை ஓட்டுவாள். பொடிப் புள்ளிகள் எல்லாம் சுற்றியிருக்கும் நிறத்தோடு கரைந்துவிடும். மேப் பளிச்சென்று ஆகிவிடும்.

இந்த மேப்பில் எங்கெல்லாம் சிவப்பு இருக்கிறதோ, அங்கெல்லாம் யானை வந்தால் அலறும் சைரன் விளக்கு. விவசாயிகள் சங்கம் இலவசமாக மாட்டுகிறது. சரிபார்க்க ஒரு பிரதி சங்கத்துக்குப் போயிருந்தது. இறுதி மேப்பை நாளைக்கு ஒப்படைக்க வேண்டும்.

திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். “உங்க வீடு இருக்குதுங்களே! எவ்வளவு பெருசா இருக்குது பாருங்க.”

“அது இல்லீங்க அம்மணி. தோப்புக்குக் கடேசில இன்னொண்ணு இருக்குதுங்க.”

அங்கே வெறும் பச்சை.

முதலாளி அந்தோணிராஜ் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “மோட்டார் ரூமுங்களா?”

“ஊடுங்க. புருசன், பொண்டாட்டி, கைக்குழந்தை இருக்குதுங்க. போன வாரம் யானை வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்குது.”

“உங்க தோட்டத்து ஆளுங்களா?”

வெள்ளியங்கிரி தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார்.

அந்தோணிராஜ் லோகப்பிரியாவின் காதருகே குனிந்தார். “கதை விடறாரும்மா. பங்களாவுக்கு ஒண்ணு, மோட்டாருக்கு ஒண்ணு. இலவசம்னா இவங்களுக்கும் ஆசை விடாது.”

அவளுக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. இதற்காக மேப்பைத் திரும்பவும் போடுவதா? இருந்தாலும் மனது கேட்கவில்லை. சல்லடை ஓட்டுவதற்கு முந்தைய படத்தைத் திறந்தாள்.

தோப்பின் ஓரத்தில் கடுகு போல் ஒரு சிவப்பு.

அசல் படத்தை இன்னும் பெரிதாக்கினாள். தென்னை மட்டைகளுக்கு நடுவே ஓட்டுக் கூரை கொஞ்சமாகத் தெரிந்தது. மீதியை மரங்கள் மூடியிருந்தன. கம்ப்யூட்டர் பார்த்தது அந்தக் கொஞ்சத்தை. அதையும் இவள் கரைத்திருக்கிறாள்.

ஒரு குழந்தை தூங்குகிற வீடு.

“தப்பு என் மேலதானுங்க. இப்பவே போட்டுடறேன்.”

சிவப்பு திரும்பி வந்தது. வெள்ளியங்கிரி பெருமூச்சு விட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்ப எழுந்தார்.

“ஒரு நிமிசங்க. விளக்கு மாட்ட வர்றவங்க கேட்பாங்க. வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க.”

“பேரு வேற வேணுமுங்களா?” குரல் இறங்கிவிட்டது. “கோபாலசாமின்னு போட்டுக்குங்க.”

“உங்க பையனுங்களா?”

“பங்காளிங்க. வேலித் தகராறு. கோர்ட்டுல கேஸு நடக்குது. ரெண்டு ஊட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லீங்க.”

அந்தோணிராஜ் வாயைப் பிளந்தார். “கேஸு நடக்கிற ஆளுக்கா லைட்டு கேட்டு இத்தனை தூரம் வந்தீங்க?”

“கேஸு வேலி மேலதானுங்க, குழந்தை மேலயா?” என்றவர், வாசல் வரை போய்த் திரும்பினார். “நான் வந்துட்டுப் போனதை மட்டும் சொல்லிப்போடாதீங்க அம்மணி. தெரிஞ்சா, ரோசத்துல லைட்டைக் கழட்டி வீசிப்போடுவான்!”