குட்டி ஐயர்

குழந்தை போதகர் கைக்கு வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டது.

ஞானஸ்நானத் தண்ணீர் மூன்று முறை விழுந்தது. அபியேல் என்ற பெயரும் விழுந்தது.

சபை ஆமென் சொன்னது.

இனி ஜெபம்தான் பாக்கி.

தோஹாவிலிருந்து தகப்பன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். ஞானத்தாய் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

தாய் கிறிஸ்டில்டா ஆராதனைக்கு முன்பே வந்து சொல்லியிருந்தாள். பிள்ளை இல்லாத வருஷங்களில் பண்ணின பொருத்தனை. ஆண் பிள்ளை பிறந்தால் கர்த்தருடைய ஊழியத்துக்கு நேர்ந்துவிடுவதாக.

"ஜெபத்துல நீங்க அதச் சொல்லிரணும் ஐயா. சபை கேட்டுட்டா பொறவு மாற முடியாதுல்லா."

"அவங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"லீவுல வரும்போது சொல்லிக்கிடலாம்யா."

மாற முடியாது. அது அவருக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்பார்கள். நடக்கத் தெரியும் முன்பே ஊர் அவரைக் குட்டி ஐயர் என்றது.

பந்து பட்டு ஜன்னல் உடைந்தால், குட்டி ஐயரு பண்ணுத வேலையப் பாரு.

கல்லூரி வாசலில் ஒருத்தியோடு நின்று பேசினால், குட்டி ஐயருக்கு இதெல்லாம் எதுக்கு.

பொறியியல் முடித்த கையோடு இறையியல் கல்லூரி. ஊழியத்துக்குக் கர்த்தரிடமிருந்து உங்களுக்கு வந்த அழைப்பு என்ன என்று கேட்டார்கள். அம்மாவின் பொருத்தனையைச் சொன்னார். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

பிறகு வாலிபர் கூடுகைகளிலெல்லாம் அதையே சொன்னார். சிலர் கண்ணைத் துடைப்பார்கள்.

போன மாதம் ஒரு பெண் கையைத் தூக்கினாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள்.

"அப்போ அழைப்பு வந்தது ஒங்க அம்மாவுக்குத்தான ஐயா? ஒங்களுக்கு எப்ப வந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அந்தச் சாட்சியை அவர் எங்கும் சொல்லவில்லை.

குழந்தை கொட்டாவி விட்டது.

கண்ணை மூடினார். சுகம் கேட்டார். நல்ல புத்தி கேட்டார். வளர்க்கிறவர்களுக்குப் பொறுமை கேட்டார்.

ஆமென் என்றார்.

கிறிஸ்டில்டா கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் வரும் என்று நின்றாள். பிறகு திறந்தாள்.

"ஐயா, அதச் சொல்லலையே."

அவர் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவன்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்மா."

"அவனுக்குப் பேச்சே வரலையே."

"வரட்டும்."

மைக் அதையும் சபைக்குச் சொல்லிவிட்டது. பாடகர் வரிசையில் சிரிப்பு. போனுக்குள்ளிருந்து தகப்பன் கேட்டான், "எத? எதச் சொல்லல?"

இரண்டாவது பெஞ்சில் அவருடைய அம்மா சிரிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் அங்கி மாற்றும் அறைக்கு வந்தாள். சபையார் முன்னால் மகனை ஐயரு என்றுதான் சொல்வாள். கதவைச் சாத்தினாள்.

"ஏல, அன்னைக்கு ஒங்கிட்டக் கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

அவர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை வெளியே வந்திருந்தது. அது அப்படியே நின்றது.

அம்மாவும் நின்றாள்.

கதவு தட்டப்பட்டது. கோயில் காரியம் பார்க்கும் சாலொமோன்.

"ஐயா, மேலத்தெரு எமிலி டீச்சருக்கு மூச்சு வாங்குதாம். மகன் ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சி. அவிய ஏற மாட்டேங்காவ. மொதல்ல நீங்க வரணுமாம்."

வெளியே வந்த கை மறுபடி அங்கிக்குள் போனது.

"பதில் சொல்லிட்டுப் போலே," என்றாள் அம்மா.

அவர் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.