தங்கபுஷ்பம் சிஸ்டரின் வலது கை

பிரசவத்துக்கென்று மனிதகுலம் இதுவரை கண்ட கருவிகளில் தலைசிறந்தது தங்கபுஷ்பம் சிஸ்டரின் வலது கை. இதை அவரே சொல்கிறார். ஆகவே மேல்முறையீடு கிடையாது. மயிலாப்பூரில் ஒரு பிரசவ அறை. கட்டிலில் இடுப்பு வலியோடு பட்டினப்பாக்கத்து அஸ்வினி. ஜன்னல் வெயிலில் பளபளத்தபடி, நேற்று வந்த டேப்லெட் அரைமணிக்கொருதரம் ‘டிங்’ என்கிறது. வயிற்றுக் குழந்தையின் இதயத்துடிப்பை அந்தந்த நேரத்திலேயே பதியச் சொல்கிறது. “பிள்ள பொறந்த பெறவு மொத்தமா எழுதுனா ஆவாதோ? இருபத்தாறு வருசமா அப்படித்தான் எழுதுதேன். இது மணியடிச்சா சோறு வேற போடணுமாக்கும்!” என்கிறார் சிஸ்டர். சின்ன நர்ஸ் அனுப்ரியா துடிப்பை எண்ணி டேப்லெட்டில் தட்டுகிறாள். அதன் பச்சைத் திரை சட்டென்று சிவக்கிறது. “அக்கா, துடிப்பு குறையுது! டாக்டரைக் கூப்பிடச் சொல்லுது!” தலைசிறந்த கருவி அஸ்வினியின் வயிற்றின் மேலேயேதான் இருக்கிறது, அதற்கு ஒன்றும் தெரியவில்லை. “இன்னா சிஸ்டர், கொயந்தை நல்லாத்தானே கீது?” என்று அஸ்வினி அந்தக் கையையே இறுகப் பிடித்துக்கொள்கிறாள். செருப்புகள் ஓடுகின்றன, டாக்டர் கையுறையை மாட்டியபடியே வருகிறார், முக்கு முக்கு என்று அறை முழுக்க ஒரே குரல், பிறகு எல்லாக் குரலையும் அடக்கிக்கொண்டு ஒரு வீறல். “பொண்ணு!” அனுப்ரியா குதிக்கிறாள். அஸ்வினி அழுதுகொண்டே சிரிக்கிறாள். அடுத்த கட்டிலில் புதிதாக ஒருத்தி வந்து படுக்கிறாள். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, தங்கபுஷ்பம் சிஸ்டர் அவள் வயிற்றுக் குழந்தையின் துடிப்பை எண்ணுகிறார்: நூற்று நாற்பத்திரண்டு. நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு, தலைசிறந்த கருவியின் ஆள்காட்டி விரலால் டேப்லெட்டில் ஒன்று, நான்கு, இரண்டு என்று தட்டுகிறார். திரை பச்சையாகவே இருக்கிறது.