ஏப்ரல் பதினைந்தில் நடந்தவை

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் கால்கூடக் கழுவவில்லை. பக்கத்து வீட்டு பூமணியிடம் சண்டைக்குப் போய்விட்டான் கிரிதரன்.

"நெஞ்சு வலின்னு அப்பா உங்ககிட்ட சொல்லியிருக்காரு. உங்க கார் சும்மாதானே நிக்குது ஆன்டி? எனக்கு ஒரு போன் போட்டிருந்தாக்கூட கிள்ளான்லேர்ந்து ஓடி வந்திருப்பேன்."

"கார எடுத்தேன் தம்பி. அவருதான் ஏறல. மகன் வரான், அவன்கூடப் போறேன்னு சட்டையை மாத்திக்கிட்டு வாசல்ல உட்கார்ந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு."

"நான் எப்ப வரேன்னு சொன்னேன்? அவரு எனக்குப் போனே பண்ணல."

"போன் பண்ணாதீங்க, காலையில ஒரு மெசேஜ் போதும்னு நீதானே சொல்லி வச்சிருக்கே. அதுல எழுதிட்டேன், அவனும் சரின்னுட்டான்னு சொன்னாரு."

"என்ன எழுதினாரு? தினம் போடுற 'வரலாற்றில் இன்று' மட்டும்தான் வந்துச்சு. முழ நீளத்துக்கு எழுதுவாரு, அதை யாரு படிக்கிறது? இந்தாங்க, நீங்களே பாருங்க."

போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். ஏப்ரல் 15. லிங்கன் இறந்தார். டைட்டானிக் மூழ்கியது. அதற்குக் கீழே 'மேலும் படிக்க' என்றிருந்தது.

பூமணி அதைத் தட்டினாள். மிச்சமும் விரிந்தது. கடைசி வரி வரலாறு இல்லை.

'கிரி, விடிஞ்சதிலேர்ந்து நெஞ்சு வலிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வரியா?'

அதன் அடியில், அவன் தினமும் தட்டிவிடுகிற கட்டைவிரல் குறி.