அக்கா கொண்டு வந்த பாம்பு

"கடிச்சது என்ன பாம்பு?" என்று கேட்டார் டொக்டர்.

"தெரியேல்லை. உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளி. அடிச்சுப் போட்டம். அக்கா கொண்டுவாறா" என்றான் தயாபரன். கையில் இரத்தம் வழிந்தது.

"கெதியா வரச் சொல்லும். பாம்பைப் பார்த்தால்தான் ஊசியைப் பற்றி யோசிக்கலாம்."

ஒரு மணித்தியாலம் போயிற்று. ஊரில், ஸ்கந்தபுரத்தில் விட்டுவந்த தன் பிள்ளைகள் அவன் கண்ணுக்குள் நின்றார்கள்.

அக்கா அருந்ததி சாப்பாட்டுக் கரியரோடு ஆறுதலாக நடந்து வந்தாள்.

"பாம்பு எங்கை அம்மா?"

"பாம்போ? இவன் வயற்காரன், டொக்டர். இண்டைக்குத்தான் முதல்தரம் என்ர மனுசனோடை கடலுக்குப் போனவன். வலையிலை வந்தது பாம்பு மாதிரி நீளமா, கடல்பாறைக்குள்ளை கிடக்கிற அஞ்சாலை மீன்!"

"சரி, அந்த மீன் எங்கை?"

அருந்ததி கரியரைத் திறந்தாள். புளி மணம் அறையை நிறைத்தது.

"குழம்பு வைச்சிட்டன்."

தயாபரன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"அக்கா, தலைத்துண்டை எனக்குத் தாங்கோ."