கேட்டில் நின்ற கூட்ஸ்

"இவன் ரயிலா ஓட்டுறான்? தண்டவாளத்துல படுத்துல்ல கிடக்கிறான்!"

லாரிக்காரர் சிவசாமி ஆரனை ஓங்கி அமுக்கிவிட்டு ஜன்னல் வழியே காறித் துப்பினார். எதிரே, கீழ்வேளூர் பக்கத்து ரயில்வே கேட்டை அடைத்துக்கொண்டு கூட்ஸ் வண்டி அசையாமல் நின்றது.

பக்கத்து சீட்டில் கூத்தாநல்லூர் வியாபாரி அப்துல் மஜீது நொடிக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் சாயங்காலம் கிளம்புகிறது. அவருடைய வெங்காயத்தில் பாதி இந்த லாரியில். மீதி அந்தக் கூட்ஸில்.

"எது முந்திப் போகுதோ, இனிமே அதுக்குத்தான் என் சரக்குன்னு சொன்னேன். இப்ப ரெண்டும் ஜோடி போட்டுக்கிட்டு நிக்குது! கப்பல்காரன் காத்திருப்பானா?"

"மொத்தத்தையும் எங்கிட்ட குடுத்திருந்தா இந்தக் கதி உண்டா பாய்?"

"குடுத்தாலும் இதே கேட்டுலதானே நின்னிருப்பீங்க!"

சிவசாமி மறுபடியும் துப்பினார்.

"கோபம் வந்தா இத்தனை தடவையா துப்புவாங்க? டீசல் தட்டுப்பாட்டுல ஊர் லாரியெல்லாம் முடங்கிக் கிடக்கு. உங்களுக்கு மட்டும் எங்கதான் கிடைச்சுதோ!"

"தொழில் தெரிஞ்சவனுக்குக் கிடைக்கும் பாய்."

கூட்ஸ் கார்டு கொடியும் கையுமாக வந்தார். சிவசாமி குதித்து இறங்கினார். "ஏன்யா, இப்படி ஊரான் பிழைப்பைக் கெடுக்கிறீங்களே, நல்லாயிருப்பீங்களா?"

"எங்களை ஏங்க திட்டுறீங்க? அடுத்த கேட்டுல ஒரு வைக்கோல் லாரி தண்டவாளத்துக்குக் குறுக்கே நின்னுபோச்சு."

"எந்த மடையன் அவன்?"

"முருகையன்னு ஒருத்தர். ராத்திரி மச்சான் வீட்டு வாசல்ல லாரியை நிறுத்திட்டுத் தூங்கினாராம். விடியறதுக்குள்ள எவனோ டீசலை உறிஞ்சிட்டானாம். மிச்சம் சொச்சம் அந்த கேட்டு வரைக்கும்தான் வந்திருக்கு. தலையில அடிச்சுக்கிட்டு அழுவுறாரு மனுஷன்."

சிவசாமி துண்டால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"உங்க வண்டியில இருந்தா ஒரு டின் குடுங்களேன். லாரி நகர்ந்தா ரயில் நகரும், ரயில் நகர்ந்தா நீங்களும் போகலாம். உறிஞ்சத்தான் குழாய் வேணும்."

"இந்தாங்க குழாய்!" மஜீது சந்தோஷமாகக் குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்து உருவினார். "காலையிலேருந்து என் காலை இடறிக்கிட்டே கிடக்கு. சிவசாமி, நீங்களே கொண்டு போய்க் குடுங்க. புண்ணியமாப் போகும்."

தங்கச்சி புருஷன் முருகையன் முகத்தில் எப்படி விழிப்பது என்று புரியாமல் சிவசாமி இன்னொரு தடவை துப்பினார். விடியற்காலையில் அந்தக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சியபோது ஏறிய டீசல் நாற்றம், இன்னும் போகவில்லை.