எட்டாவது ஓட்டை

இருபத்திரண்டு வயது கவியரசனின் பெல்ட்டுக்குத் தன் ஏழு ஓட்டைகளை நினைத்தாலே பெருமையில் தலைகால் புரியாது. பிரியாணிக்கு ஒரு ஓட்டை விட்டுக்கொடுக்கும், பரோட்டாவுக்கு இன்னொன்று.

மேலே மூச்சு வாங்கியபடி இதயம் கெஞ்சியது: “அண்ணே, கொஞ்சம் இறுக்கிப் பிடிங்களேன். என்னால முடியல.”

“சாப்பிடுற வயசுடா! இன்னும் மூணு ஓட்டை இருக்கு.”

முப்பது பிறக்குமுன்பே ஏழும் தீர்ந்தன. செருப்பு தைப்பவர் எட்டாவதைக் குத்திக் கொடுத்தார்.

“பாத்தியா, புதுசாவே போட்டாச்சு!” என்று பெல்ட் குதித்தது.

“உங்களுக்கு ஓட்டை விழுந்தா அவருக்குச் சாப்பிட இடம் கிடைக்குது. எனக்கு விழுந்தா, நீங்க ஆணியில தொங்கணும்ணே.”

பெல்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று பரோட்டா வந்தபோது அது இம்மியும் அசையவில்லை.

பேண்ட் பட்டன்தான் தெறித்துக் குருமாவில் விழுந்தது.